பழைய பேட்டரி அலை மின்சாரத்தைக் கரைசேர்க்குமா?

கப்பலுக்கு வழிகாட்டக் கடலில் மிதக்கவிடும் மிதவைகளைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். இரவெல்லாம் ஒரு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். கரையிலிருந்து கம்பி கிடையாது, பக்கத்தில் ஆளும் கிடையாது. ஜப்பானியக் கடற்படையில் அதிகாரியாக இருந்த யோஷியோ மசூதா அந்த மிதவைக்குள் ஒரு காற்றறையை வைத்தார். அலை ஏறி இறங்கும்போது அறையின் காற்று நெருக்குண்டு வெளியே பாயும். அது ஒரு சிறிய டர்பைனைச் சுற்றும், டர்பைன் பேட்டரியை நிரப்பும், பேட்டரி விளக்கை எரிக்கும். 1965 முதல் ஜப்பானில் இந்த மிதவைகள் விலைக்கே விற்கப்பட்டன. ஒவ்வொன்றும் தந்தது ஏறத்தாழ நூறு வாட்.

ஆக, அலையும் பேட்டரியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம் அறுபது ஆண்டுப் பழையது. அது கட்டுப்படியாகவும் நடந்தது. அந்த மிதவையின் மின்சாரம் யூனிட்டுக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டால் தலை சுற்றியிருக்கும். ஆனால் அப்படிக் கணக்குப் போட யாருக்கும் தேவையே எழவில்லை. மிதவை தானே பேட்டரியை நிரப்பிக்கொள்ளாவிட்டால், சில மாதங்களுக்கு ஒருமுறை படகை அனுப்பி ஆளை இறக்கி பேட்டரியை மாற்ற வேண்டும். அந்தப் படகுச் செலவுக்கு முன்னால் எந்த மின்சாரமும் மலிவுதான்.

இதை நினைவில் வைத்துக்கொண்டு இன்றைய கேள்விக்கு வருவோம். மின்சாரக் கார்களிலிருந்து கழற்றப்படும் பேட்டரிகள் ஆண்டுக்கு ஆண்டு பெருகுகின்றன. இன்னொரு பக்கம், அலை மின்சாரம் விலை இறங்காமல் அரை நூற்றாண்டாகத் திணறுகிறது. இரண்டையும் சேர்த்துவிட்டால் என்ன என்ற யோசனை அடிக்கடி எழுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழைய பேட்டரியால் அலை மின்சாரத்தின் விலை இறங்காது, கொஞ்சம் ஏறக்கூடச் செய்யும். ஆனால் அது அலை மின்சாரத்தை வேறொரு சந்தைக்குள் கொண்டுபோய் நிறுத்தும். அந்தச் சந்தையில் போட்டியாளரின் விலையும் அதிகம்.

அலையின் வரவும் செலவும்

அலையில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று அறிய ஓர் எளிய வாய்ப்பாடு உண்டு. அலை உயரத்தை மீட்டரில் எடுத்து அதே எண்ணால் பெருக்குங்கள். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலான விநாடிகளால் மீண்டும் பெருக்கி, வருவதைப் பாதியாக்குங்கள். அலைமுகப்பின் ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் ஏறக்குறைய எத்தனை கிலோவாட் வருகிறது என்பது தெரிந்துவிடும். கடலில் அலைகள் பெரிதும் சிறிதுமாகக் கலந்து வருவதால், உயரம் என்பது அவற்றில் பெரிய மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி.

சாதாரண நாளில் உயரம் 2 மீட்டர், இடைவெளி 8 விநாடி என்று கொண்டால் மீட்டருக்கு 16 கிலோவாட். பெரும்புயலில் உயரம் 10 மீட்டர், இடைவெளி 14 விநாடி என்றால் 700 கிலோவாட். நாற்பது மடங்குக்கும் மேல். அலை மின்சாரத்தின் பொருளாதாரச் சிக்கலில் பாதி இந்த இரண்டு எண்களுக்குள் அடங்கிவிடுகிறது. இயந்திரம் சம்பாதிப்பது 16-இல், உயிர்பிழைக்க வேண்டியது 700-இல். தினக்கூலிக்காரனுக்கு இரும்புக் கவசம் மாட்டி வேலைக்கு அனுப்புவது போன்ற நிலை இது. கூலி அவ்வளவேதான், கவசத்தின் விலை மட்டும் ராஜவிலை.

கவசம் போதாமல் போன கதைகள் நிறைய. நார்வேயில் பெர்கன் நகருக்கு அருகே தோஃப்தெஸ்தாலனில் 1985-இல் பாறை முகப்பில் கட்டிய 500 கிலோவாட் நிலையத்தை 1988 டிசம்பர் புயல் பிடுங்கிக்கொண்டு போனது. ஸ்காட்லாந்தின் டூன்ரே கடற்கரையோரம் 1995-இல் இறக்கிய ஆஸ்ப்ரே என்ற அலை இயந்திரம், நிறுவி முடிப்பதற்குள்ளேயே அலையில் உடைந்தது. பாம்பு போல நீண்டு மிதந்த பெலாமிஸ் என்ற இயந்திரம் 2004-இல் மின்கட்டமைப்புக்கே மின்சாரம் அனுப்பிக் காட்டியது. 2008-இல் போர்ச்சுகலின் அகுசாதோராவில் மூன்று பெலாமிஸ்கள் ஒன்றாக இறக்கப்பட்டன. தாங்கு உருளைகளில் கோளாறு, பின்னால் நின்ற நிறுவனத்துக்குப் பண நெருக்கடி என்று சில மாதங்களிலேயே அவை கரைக்கு இழுத்து வரப்பட்டன. பெலாமிஸ் நிறுவனமே 2014-இல் மூழ்கிப்போனது.

இதில் முன்னேற்றமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஸ்வீடனின் கோர்பவர் ஓஷன் அதே அகுசாதோராவில் இறக்கிய மிதவை, 2023 நவம்பர் புயலில் 18.5 மீட்டர் உயர அலையையும் தாங்கி நின்றது. புயல் நேரத்தில் அலையோடு மல்லுக்கட்டாமல் நழுவி விலகும்படி தன்னைத் தளர்த்திக்கொள்ளும் வடிவமைப்பு அது. நாணல் காற்றுக்கு வளைவது போல. இந்த வழி பலித்தால் கவசத்தின் எடையும் விலையும் குறையும். எதிர்காலத்துக்கு நம்பிக்கை தருவது பேட்டரியைவிட இதுதான் என்பது என் எண்ணம்.

அடுத்து, ஓர் இயந்திரம் தன் முழுத் திறனில் ஆண்டெல்லாம் ஓடினால் கிடைக்கக்கூடியதில் எத்தனை சதவீதம் நிஜமாகத் தருகிறது என்பது. இதைத் திறன் பயன்பாட்டு விகிதம் என்பார்கள். ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் முத்ரிகு துறைமுகத்து அலைதடுப்புச் சுவருக்குள் 16 டர்பைன்களை வைத்து, 296 கிலோவாட் நிலையம் ஒன்று 2011 முதல் ஓடுகிறது. அலை மின்சாரத்தில் நீண்ட நாள் நின்று உழைத்த நிலையங்களில் அது முக்கியமானது. 2014 முதல் 2016 வரையிலான உற்பத்தியை எடுத்துப் பார்த்தபோது அதன் பயன்பாட்டு விகிதம் சுமார் 11 சதவீதம். அதாவது நூறு ரூபாய் இயந்திரம் பதினொரு ரூபாய்க்குத்தான் வேலை செய்கிறது.

பழுதுபார்ப்பின் கதை தனி. அலை நன்றாக இருக்கும் நாளில்தான் இயந்திரம் சம்பாதிக்கும். அதே நாளில்தான் படகு அதன் அருகே போக முடியாது. ‘அலை எப்போது ஓயும், தலை எப்போது முழுகுவது’ என்ற பழமொழியை உவமையாகவே கேட்டுப் பழகிவிட்டோம். கடல் இயந்திரத்தைப் பழுதுபார்க்கப் போகிறவருக்கு அது அன்றாட நிலவரம். குளிர்காலத்தில் ஒரு சின்ன வால்வு போனால், கடல் அடங்கும்வரை வாரக்கணக்கில் வருமானம் நின்றுவிடும்.

இவையெல்லாம் சேர்ந்து விலையில் தெரிகின்றன. சர்வதேசப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமையான ஐரீனாவின் 2020 மதிப்பீட்டில் அலை மின்சாரம் யூனிட்டுக்கு 30 முதல் 55 அமெரிக்க சென்ட். அதே முகமை 2023-இல் கட்டப்பட்ட திட்டங்களுக்குச் சொன்ன உலகச் சராசரி, சூரிய மின்சாரத்துக்கு 4.4 சென்ட், நிலத்துக் காற்றாலைக்கு 3.3 சென்ட். யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி, வீட்டு மீட்டர் எண்ணும் அதே யூனிட்தான்.

இவ்வளவு விலை வித்தியாசம் இருந்தும் அலையை யாரும் விட்டுவிடாததற்குக் காரணம் உண்டு. இரவென்றும் பகலென்றும் பார்க்காமல் அலை வருகிறது. எங்கோ நடுக்கடலில் வீசிய காற்று எழுப்பிய பேரலை, கரையைத் தொட நாட்கள் ஆகும். அதனால் வரப்போவதை முன்கூட்டியே நன்றாகக் கணிக்கலாம். நடு அட்சரேகைக் கடல்களில் குளிர்காலத்தில்தான் அலை வலுக்கிறது, அதாவது சூரியப் பலகை சோம்பிக் கிடக்கும் அதே மாதங்களில்.

ஓர் அலைக்குள் நடப்பது

பேட்டரி எதற்கு என்பது புரிய, ஒரே ஓர் அலையை உற்றுப் பார்க்க வேண்டும். இடைவெளி 8 விநாடி. மிதவை மேலேறும்போது மின்சாரம் எகிறுகிறது. முகட்டில் ஒரு கணம் நிற்கிறது, மின்சாரம் பூஜ்யம். கீழிறங்கும்போது மறுபடி எகிறல், பள்ளத்தில் மறுபடி பூஜ்யம். மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தால் நாலு விநாடிக்கு ஒருமுறை அது துள்ளி விழும். இப்படி ஒரு நாளைக்கு 10,800 அலைகள். இந்தத் துள்ளலை அப்படியே சிறிய மின்கட்டமைப்புக்குள் விட்டால் விளக்குகள் மினுக்கும், மோட்டார்கள் முனகும்.

துள்ளலைச் சமன்செய்ய எவ்வளவு சேமிப்பு வேண்டும்? சராசரியாக 60 கிலோவாட் தரும் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். நாலு விநாடியில் அது தருவது 0.07 யூனிட். ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. ஆனால் அந்தச் சின்ன அளவு, நூற்றுக்கணக்கான கிலோவாட் வேகத்தில் உள்ளே பாய்ந்து அதே வேகத்தில் வெளியேற வேண்டும். கொள்ளளவு சிறிது, வேகம் பெரிது.

பழைய பேட்டரிக்குச் சற்றும் பொருந்தாத வேலை இது. பேட்டரி மூப்படையும்போது அதன் கொள்ளளவு மட்டும் குறைவதில்லை, உள் மின்தடையும் கூடுகிறது. மின்தடை இருமடங்கானால் வீணாகும் வெப்பமும் இருமடங்கு. பாயும் மின்னோட்டம் இருமடங்கானாலோ வெப்பம் நான்கு மடங்கு. நாற்பது நிமிடம் நிதானமாக நடக்கக்கூடிய பெரியவரை நாலு விநாடிக்கு ஒருமுறை ஓடச் சொல்லி விரட்டுவது போல ஆகிவிடும். இந்த வேலைக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். சூப்பர் கெப்பாசிட்டர் லட்சக்கணக்கான முறை நிரம்பி வடியும். கனத்த சுழல்சக்கரம் சுற்றிக்கொண்டே துள்ளலை விழுங்கும். பெலாமிஸ் எண்ணெய் அழுத்தக் கலன்களைத் தன் உடலுக்குள்ளேயே வைத்திருந்தது. பத்திருபது இயந்திரங்களைத் தள்ளித்தள்ளி நிறுத்தினால், ஒன்று முகட்டில் இருக்கும்போது இன்னொன்று சரிவில் இருப்பதால் துள்ளல் தானாகவே ஓரளவு அடங்கிவிடும். அதற்குக் காசே இல்லை.

பழைய பேட்டரிக்கு உரிய வேலை இதற்கு அடுத்த தளத்தில் இருக்கிறது. பெரிய அலைகள் கூட்டமாக வந்து பின் சிறிது தணியும் நிமிடங்கள், ஊர் தூங்கும் இரவில் மிஞ்சும் மின்சாரம், காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழும் மணிநேரம். மெதுவாக நிரம்பி மெதுவாக வடியும் வேலை. சேமிப்பு என்றதும் எல்லாவற்றையும் ஒரே பெட்டியிடம் ஒப்படைக்கும் திட்டங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முதல் சந்தேகம் எழுவது இந்த இடத்தில்தான்.

பெட்டியைத் திறந்தால்

கார் பேட்டரியின் கொள்ளளவு தொடக்கத்தில் இருந்ததில் 70 அல்லது 80 சதவீதமாகச் சுருங்கும்போது, ஒருமுறை நிரப்பினால் ஓடும் தூரம் குறைந்து ஓட்டுநர் எரிச்சல் அடைகிறார். ஆனால் ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் சேமிப்புக்கு எடை ஒரு பொருட்டில்லை. மிச்சமிருக்கும் 70 சதவீதம் அங்கே நல்ல சரக்கு. மறுபயன்பாட்டின் அடிப்படை இவ்வளவுதான்.

கற்பனை இல்லை, நடந்துகொண்டிருக்கிறது. ஜெர்மனியின் லூனனில் சுமார் ஆயிரம் சிறுகார்ப் பேட்டரிகளைக் கொண்ட 13 மெகாவாட் மணி, அதாவது 13,000 யூனிட், சேமிப்பு நிலையம் 2016-இல் கட்டப்பட்டது. கலிபோர்னியாவின் லங்காஸ்டரில் பி2யூ நிறுவனம் ஹோண்டா, நிஸான் கார்களின் 1,300 பேட்டரிகளை வைத்து, 25 மெகாவாட் மணி சேமிப்பை ஒரு சூரியப் பண்ணையோடு இணைத்திருக்கிறது.

ஆனால் ஒரு பெட்டியைத் திறந்து பாருங்கள். முதல் தலைமுறை நிஸான் லீஃப் காரில் இருந்தது 24 யூனிட் பேட்டரி. உள்ளே 48 மாட்யூல்கள், ஒவ்வொன்றிலும் நான்கு செல்கள், மொத்தம் 192. கையுறை மாட்டிக்கொண்டு பாதுகாப்புச் செருகியைப் பிடுங்குவது முதல் வேலை, ஏனென்றால் உள்ளே நிற்பது 350 வோல்ட்டுக்கும் மேல். மூடியைச் சுற்றியுள்ள பசையை அறுத்து, ஆரஞ்சு நிறக் கம்பிகளைக் கழற்றி, ஒவ்வொரு மாட்யூலையும் மெதுவாக நிரப்பி வடித்து எவ்வளவு பிடிக்கிறது என்று அளக்க வேண்டும். மணிக்கணக்கில் பிடிக்கும் வேலை. அளந்தால் 47 மாட்யூல்கள் நன்றாக இருக்க, ஒன்று தொய்ந்து கிடக்கும். தொடராக இணைக்கப்பட்ட செல்களில் பலவீனமானது வடிந்து முடிந்ததும் மற்றவையும் நின்றாக வேண்டும். 47 பேரின் உழைப்பை அந்த ஒருவர் கட்டிப்போட்டுவிடுவார்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். பழைய பேட்டரியின் விலை சுண்டைக்காய். ஏற்றி வருவது, பிரிப்பது, சோதிப்பது, புதிய கட்டுப்பாட்டுக் கருவி, இன்வெர்ட்டர், குளிரூட்டல், தீத்தடுப்பு, காப்பீடு எல்லாம் சுமைகூலி. லங்காஸ்டரில் அவர்கள் பெட்டியைத் திறக்காமல் முழுசாக, அதன் சொந்த உறையோடும் கட்டுப்பாட்டோடும் அப்படியே பயன்படுத்துவது இந்தக் கூலியைக் குறைக்கத்தான். அதற்கு அந்தப் பேட்டரி பேசும் மொழி தெரிய வேண்டும். காரைச் செய்தவர் கடவுச்சொல் தராவிட்டால் பெட்டி ஊமை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 பேட்டரி விதிமுறை, 2027 பிப்ரவரி முதல் மின்சார வாகனப் பேட்டரிகளுக்கு மின்னணு அடையாளச் சீட்டைக் கட்டாயமாக்குவது இந்த வகையில் பெரிய உதவி. பேட்டரியின் பூர்வகதை தெரிந்தால் சோதனைக் கூலி குறையும்.

இன்னொரு நெருக்கடி வெளியிலிருந்து வருகிறது. புதிய பேட்டரி மலிந்துகொண்டே போகிறது. எரிசக்திச் சந்தையை ஆராயும் புளூம்பெர்க் என்இஎஃப் நிறுவனத்தின் கணக்கில் 2010-இல் யூனிட்டுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் விற்ற லித்தியம் பேட்டரித் தொகுப்பு 2024-இல் சராசரியாக 115 டாலர். புதிய சரக்கின் விலை இறங்க இறங்க, பழையதற்குக் கேட்கக்கூடிய விலையும் சேர்ந்து இறங்கும். சுமைகூலி மட்டும் அதே வேகத்தில் இறங்குவதில்லை.

காகிதத்தில் ஒரு கணக்கு

இனி எண்களை வைத்துப் பார்ப்போம். கீழே வருபவை புரிதலுக்காக நான் எடுத்துக்கொண்டவை, எந்த நிலையத்தின் வரவுசெலவும் அல்ல. உங்களிடம் வேறு எண்கள் இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள், முறை ஒன்றுதான்.

250 கிலோவாட் அலை இயந்திரம். பயன்பாட்டு விகிதம் 25 சதவீதம் என்று கொஞ்சம் தாராளமாகவே வைப்போம். ஆண்டுக்கு 5,47,500 யூனிட். கிலோவாட்டுக்கு 6,000 டாலர் வீதம் மூலதனம் 15 லட்சம் டாலர். 8 சதவீத வட்டியில் 20 ஆண்டில் அடைப்பதானால் ஆண்டுத் தவணை ஏறத்தாழ 1,52,800 டாலர். பராமரிப்புக்கு மூலதனத்தில் 5 சதவீதம், 75,000. மொத்தத்தை யூனிட்டால் வகுத்தால் 41.6 சென்ட். ஐரீனா சொன்ன வரம்புக்குள்தான் வருகிறது.

இதோடு 500 யூனிட் பயன்படக்கூடிய சேமிப்பு. 40 யூனிட் பேட்டரி 70 சதவீதமாகத் தேய்ந்தால் 28. அதையும் அடிமட்டம் வரை வடிக்காமல், விளிம்புவரை நிரப்பாமல் 80 சதவீதம்தான் புழங்குவோம், அப்போதுதான் ஆயுள் நீளும். கையில் நிற்பது 22.4. ஆக 23 பெட்டிகள் வேண்டும். சுமைகூலி உட்பட யூனிட்டுக்கு 150 டாலர் என்றால் 75,000 டாலர். எட்டு ஆண்டில் அடைக்க ஆண்டுக்குச் சுமார் 13,000, மேற்பார்வைக்கு 3,000. மின்சாரத்தில் கால் பங்கு பேட்டரி வழியாகப் போய்வருகிறது, அதில் 12 சதவீதம் வழியிலேயே வெப்பமாகக் கரைகிறது என்று கொள்வோம். இப்போது விலை 45.9 சென்ட்.

பேட்டரி 4.3 சென்ட் ஏற்றிவிட்டது. சரி, பேட்டரிப் பெட்டிகளை யாரோ இனாமாகவே தந்துவிட்டார்கள் என்று வையுங்கள். 150 டாலரில் பெட்டியின் பங்கு 50 என்றால், அதைக் கழித்த பிறகு விலை 45.1 சென்ட். இனாமாகக் கிடைத்தும் ஒரு சென்ட் கூட இறங்கவில்லை.

மாறாக, இயந்திரத்தின் பயன்பாட்டு விகிதத்தை 25-லிருந்து 32 சதவீதமாக உயர்த்தினால், பேட்டரி சேராத விலை 41.6-லிருந்து 32.5 சென்டாகச் சரிகிறது. விகிதம் 25-லேயே இருக்க, வட்டி மட்டும் 8-லிருந்து 5 சதவீதமானால் 35.7. பணம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது இங்கே பளிச்சென்று தெரியும். கடலில் நிற்கும் இரும்பிலும், அதற்கு வாங்கிய கடனிலும். வட்டி ஏன் அதிகம் என்றால், தோஃப்தெஸ்தாலனையும் பெலாமிஸையும் கடன் கொடுப்பவர் மறக்கவில்லை.

பழையதற்குப் பதில் புதிய பேட்டரி வாங்கினால்? எல்லாம் சேர்த்து யூனிட்டுக்கு 250 டாலர், ஆயுள் 15 ஆண்டு, இழப்பு 10 சதவீதம் என்று போட்டேன். 46.0 சென்ட் வந்தது. ஏறக்குறைய சமம். முதலில் கைவிட்டுப் போகும் பணம் பழையதில் 75,000, புதியதில் 1,25,000 என்பதுதான் பெரிய வேறுபாடு. கையில் முதல் குறைவாக உள்ளவருக்குப் பழையது உதவும். ஆனால் இந்தக் கணக்கில் பேட்டரி ஆண்டுக்கு 274 முழுச் சுற்று உழைக்கிறது, எட்டு ஆண்டில் சுமார் 2,200. ஏற்கெனவே ஒரு காரை ஓட்டிக் களைத்த பேட்டரிக்கு இது எல்லையை ஒட்டிய வேலை. ஒரு கட்டத்தைத் தாண்டினால் செல்கள் படிப்படியாகத் தேயாமல் திடீரென்று சரியும். எட்டு என்று நினைத்தது ஐந்தாண்டில் முடிந்தால் பழையதன் அனுகூலம் போயிற்று.

டீசல் எஞ்சினின் பக்கத்தில் நிறுத்தினால்

4 சென்ட் சூரிய மின்சாரம் ஓடும் பெரிய கட்டமைப்பில் 46 சென்டோடு நுழைய முடியாது. மானியம் ஏதாவது இருந்தால் ஒழிய அங்கே பேச்சே இல்லை. மசூதாவின் மிதவையை நினைத்துக்கொள்ளுங்கள். படகில் எண்ணெய் வந்தால்தான் விளக்கெரியும் என்ற இடம் வேண்டும். கட்டமைப்பு எட்டாத தீவுகள் அப்படிப்பட்டவை.

டீசல் ஜெனரேட்டர் லிட்டருக்குச் சுமார் மூன்றரை யூனிட் தரும். நம் 45.9 சென்டை மூன்றரையால் பெருக்கினால் 1.61 டாலர். தீவில் வந்து இறங்கும் டீசல் லிட்டருக்கு இதைவிட அதிகமானால் அலையும் பழைய பேட்டரியும் வெல்லத் தொடங்கும். தூரத் தீவுகளில் கப்பல் கூலியும் தொட்டிச் செலவும் சேர்ந்து இந்த விலையைத் தாண்டுவது அபூர்வமல்ல.

பேட்டரியின் உண்மையான சம்பாத்தியமும் இங்கேதான் இருக்கிறது, அது யூனிட் கணக்கில் தெரியாது. டீசல் எஞ்சினை மிகக் குறைந்த சுமையில் ஓட்டக் கூடாது. எரியாத எண்ணெய் உள்ளே படிந்து எஞ்சினைக் கெடுக்கும். 30 சதவீதம் என்பது வழக்கமான அடிமட்டம். 200 கிலோவாட் எஞ்சின் என்றால் குறைந்தது 60 கிலோவாட்டில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓர் இரவை எடுத்துக்கொள்வோம். தீவின் தேவை 100 கிலோவாட். கடல் நன்றாக இருக்கிறது, அலை இயந்திரம் 150 தரத் தயார். ஆனால் எஞ்சினை நிறுத்த முடியாது, ஏனென்றால் அலை இரண்டு நிமிடம் தணிந்தால் ஊர் இருண்டுவிடும். எஞ்சின் 60 எடுத்துக்கொள்ள, அலைக்கு மிஞ்சும் இடம் 40. மீதி 110 கிலோவாட் வீண். எஞ்சின் ஆண்டெல்லாம் இப்படிச் சும்மா முனகிக்கொண்டிருந்தாலே 5,25,600 யூனிட் ஆகிவிடும். நம் அலை இயந்திரத்தின் ஆண்டு உற்பத்திக்குக் கிட்டத்தட்ட சமம்!

இப்போது பேட்டரியை வையுங்கள். எஞ்சினை நிறுத்திவிடலாம். அலை 100 கிலோவாட்டை ஊருக்குத் தந்து 50-ஐ பேட்டரியில் ஊற்றும். அலை திடீரென்று தணிந்தால், எஞ்சின் மறுபடி கிளம்பிச் சூடேறும்வரை பேட்டரி தாங்கும். அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் அதற்குச் சம்பளம். இந்தக் காவல்காரர் வேலையில் ஓட்டம் குறைவு, விழித்திருப்பதுதான் முக்கியம். தேய்ந்த பேட்டரிக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் கிடையாது. முன்பு போட்ட 45.9 சென்ட் கணக்கு, கிடைத்த மின்சாரம் முழுவதும் விலைபோகிறது என்று எண்ணிப் போட்டது. பேட்டரி இல்லாத தீவில் அந்த எண்ணமே பொய்த்துவிடும்.

தீவும் அலையும் சேர்ந்த சோதனை ஏற்கெனவே நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கிங் தீவில் டீசல், காற்றாலை, சூரியப் பலகை, பேட்டரி எல்லாம் கலந்த சிறு கட்டமைப்பு உண்டு. அங்கே 200 கிலோவாட் அலை நிலையம் ஒன்று 2021-இல் இணைக்கப்பட்டு ஓராண்டுக்கு மேல் ஓடியது. பேட்டரியைப் பொறுத்தவரை ஒரு நடைமுறை எச்சரிக்கை: பெட்டிகளைக் கரையில், உப்புக் காற்று படாத அறையில் வைக்க வேண்டும். கடலிலேயே மிதக்கவிடலாம் என்று படம் போடுபவர்கள் உப்புநீரும் 350 வோல்ட்டும் சந்தித்தால் என்ன ஆகும் என்று யோசித்ததாகத் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. கடல் சில சமயம் நாள்கணக்கில் கண்ணாடியாகக் கிடக்கும். ஐந்து நாள் அலையே இல்லை என்று வைத்துக்கொள்வோம். நம் இயந்திரம் அந்த நாட்களில் சராசரியாகத் தந்திருக்க வேண்டியது 7,500 யூனிட். அதைப் பழைய பேட்டரியில் சேர்த்துவைக்க 335 பெட்டிகள் வேண்டும். ஆண்டின் மற்ற நாட்களில் அவற்றில் முந்நூற்றுச் சொச்சம் சும்மா உட்கார்ந்து வட்டியைத் தின்னும். டீசலில் அதே 7,500 யூனிட்டுக்குச் சுமார் 2,150 லிட்டர், இருநூறு லிட்டர் பீப்பாயில் பதினொன்று. எஞ்சின் அறைச் சாவியை யாராவது ஒருவர் பத்திரமாக வைத்திருக்கத்தான் வேண்டும்.